பிரிவுத் தலைவர் ஹெல்மெட் போட்ட கதை

ஏப்ரல் முதல் தேதி காலையில், கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு சபதம் எடுத்தேன். என் உடம்பில் உயிர் இருக்கிறவரை என் தலையில் ஹெல்மெட் ஏறாது.

சத்தமாகச் சொல்லவில்லை. மிசாவோ பக்கத்து அறையில் இருந்தாள்.

மிசாவோ என் மனைவி. கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். நான் ஷிகெயோ. ஜப்பானில் இமபாரி என்ற ஊரில் குளியல் துண்டு நெய்கிற ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவன். நாளொன்றுக்கு இரண்டாயிரம் துண்டு என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். ஓர் இழை பிரிந்திருந்தால்கூடப் பிடித்துவிடுவேன். வீட்டில் நடப்பது எதையும் அந்தக் கண் பிடிக்காது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

என் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு முடி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிறது. இடது காதுக்கு மேலே இருக்கிறது. அதை நீளமாக வளர்த்து, உச்சி வழியாக அழைத்துக்கொண்டு போய், வலது காதுக்குப் பக்கத்தில் பசை தடவி உட்கார வைக்கிறேன். பதினோரு நிமிட வேலை. கடல்காற்று பலமாக இருக்கிற நாளில் பதினைந்து. முப்பது வருடமாக சைக்கிளில்தான் ஆலைக்குப் போகிறேன். எந்தத் திருப்பத்தில் தலையை எந்தப் பக்கம் சாய்த்தால் முடி பறக்காது என்பது எனக்கு அத்துப்படி. நான் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

அந்த வருடம்தான் புதுச் சட்டம் வந்தது. சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் ஹெல்மெட் போட முயற்சி செய்ய வேண்டும். அபராதம் கிடையாது. தெருச் சங்கத்தின் அறிவிப்பு அட்டை வீடு வீடாகக் கைமாறி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அதை மிசாவோவுக்குப் படித்துக் காட்டினேன்.

"பாரு. 'முயற்சி'ன்னுதான் போட்டிருக்கு. போட்டே ஆகணும்னு இல்ல."

"ம்."

"நான் மனசுக்குள்ள தினமும் முயற்சி பண்றேன். அது போதும் சட்டத்துக்கு."

"ம்," என்றாள் மிசாவோ. அவள் அன்றைக்கே பச்சை நிறத்தில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். என்னை எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தால் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு.

ஏப்ரல் நடுவில் ஒச்சி விழுந்தார்.

ஒச்சி எங்கள் தெருக்காரர். மூன்று வீடு தள்ளி. படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நானும் அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடப் போவோம். அன்று தோஃபு, அதாவது பன்னீர் போல மெத்தென்ற சோயாக் கட்டி, வாங்கி சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். நடக்கிற வேகம்தான். சாக்கடை மூடியின் இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. சாய்ந்தார். நடைபாதை ஓரக் கல்லில் தலை பட்டது.

தோஃபு உடையவில்லை.

மிசாவோ வாரத்தில் மூன்று நாள் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். நோயாளிகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்து, கூட உட்கார்ந்து சாப்பிட வைக்கிற வேலை. இரண்டு வாரம் கழித்து ஒச்சியை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்று மாலை அவள் சாப்பாட்டு மேஜையில் சாப்ஸ்டிக்கைக் கையில் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மீன் ஆறிப்போகுது," என்றேன்.

"இன்னிக்கு ஒச்சி-சான்கிட்ட ஸ்பூனைக் காட்டி இது என்னன்னு கேட்டேன். 'குடை'ன்னார்."

நான் என் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தேன்.

"அவர் மனைவியைக் காட்டி இது யாருன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சார். 'படகு'ன்னார். அவங்க சிரிச்சாங்க. சிரிச்சுட்டு வராண்டாவுக்குப் போய் அழுதாங்க."

"சரியாயிடுமா?"

"வார்த்தை ஒவ்வொண்ணா திரும்பி வரலாம்னு டாக்டர் சொல்றார். வராமலும் போகலாம்." அப்புறம் என்னைப் பார்த்தாள். என் கண்ணை அல்ல, அதற்கு மேலே. "அந்தத் தலை அன்னிக்கு உங்க தலையா இருந்திருந்தா?"

மறுநாள் சனிக்கிழமை. மிசாவோ ஒரு பெட்டியோடு வந்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒன்று இருந்தது.

"தொப்பி மாதிரி இருக்கே?"

"தொப்பி மாதிரி இருக்கற ஹெல்மெட். உங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு தேடிப் பிடிச்சேன்."

"எனக்கு எதுக்குக் கூச்சம்? எனக்கு அது சரிப்படாது, அவ்வளவுதான்."

"குனிங்க."

குனிந்தேன். அவள் அதை என் தலையில் வைத்து அமுக்கினாள். பதினோரு நிமிட வேலை ஒரு நொடியில் நசுங்கிப்போனது எனக்கு மட்டும் கேட்டது. தாடைக்குக் கீழே வாரை மாட்டி, ஒரு விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்தாள், பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குப் பார்ப்பதுபோல.

"சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமெல்லாம் எதுக்கு? நான் ஒரு பிரிவுக்குத் தலைவன்."

"அந்தத் தலைக்குத்தான் கேக்கறேன்."

நான் யோசித்துத்தான் சத்தியம் செய்தேன். "இனிமே வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் தலையில ஹெல்மெட் இருக்கும். வீட்டுக்குத் திரும்பி வரும்போதும் இருக்கும்."

"நடுவுல?" என்று அவள் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. பெட்டியை மடித்து வைக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஹெல்மெட்டோடு கிளம்பினேன். தெருமுனை திரும்பினேன். கால்வாய் ஓரத்தில் கமெயின் சைக்கிள் கடை. கமெய் என்னோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். எங்கள் பேட்டையில் ஹெல்மெட் விற்பதும் அவன்தான்.

"டேய் கமெய், இதைச் சாயங்காலம் வரைக்கும் இங்க வெச்சிரு."

அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "நம்ம கடைச் சரக்கு. அளவு சரியில்லையா?"

"அளவெல்லாம் சரிதான். போட்டுக்க முடியல."

"முடியலையா, முடியாலயா?"

"ரெண்டும்தான்."

"சரி, வை," என்றான். அவ்வளவுதான். ஒரு பஞ்சருக்கு இருபது கேள்வி கேட்கிறவன் அவன். அன்றைக்கு ஏன் ஒன்றோடு நிறுத்தினான் என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்ததால் சந்தேகப்பட நேரம் இல்லை.

கால்வாயை ஒட்டி வெறுந்தலையோடு போனேன். காற்று மிதமாக இருந்தது. முடி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

மாலை ஐந்தரைக்கு ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் இறங்கினேன்.

"போட்டீங்களா?"

"பாரேன், தலையிலதான இருக்கு."

"நல்லது," என்றாள் மிசாவோ.

இப்படியே மூன்று வாரம். வாரம் ஒரு தடவை கமெய்க்கு ஒரு பை ஆரஞ்சு கொடுத்தேன். நான்காவது வாரம் ஒரு மாலையில் நான் ஹெல்மெட்டைக் கழற்றியதும் மிசாவோ சூப் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"ஆச்சரியமா இருக்கு."

"எது?"

"நாள் பூரா போட்டுட்டுப் போய் வர்றீங்க. ஒரு முடிகூடக் கலையல."

"நல்ல ஹெல்மெட்," என்றேன்.

"அப்படித்தான் போல."

மறுநாளிலிருந்து கமெய் கடையில் ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன்னால், பத்து விரலாலும் என் முடியை நானே கலைத்துக்கொண்டேன். முடியைக் காப்பாற்றத்தான் இத்தனை வேலை. கடைசியில் அந்த முடியையே என் கையால் கெடுத்துக்கொண்டேன். கமெய் கண்ணாடி பிடித்தான். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் பிச்சுவிடு, ஷிகெ. அப்பதான் உண்மை மாதிரி இருக்கும்."

அதற்கடுத்த திங்கட்கிழமை மிசாவோவுக்கு மருத்துவமனை நாள். எனக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவாள். வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நேராக சைக்கிளில் ஏறினாள். வெறுந்தலை.

"மிசாவோ! ஹெல்மெட் எங்க?"

"கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"வேணுங்கறவங்களுக்கு. அது போட்டா எனக்கு முடி கலையுது."

"உன் முடியை யார் பார்க்கப் போறா?"

சொன்ன பிறகுதான் எங்கே கால் வைத்துவிட்டேன் என்று புரிந்தது. அவள் என் முடியை ஒரு கணம் பார்த்தாள். "அதானே," என்றாள். "சட்டத்துல 'முயற்சி'ன்னுதான போட்டிருக்கு? நான் மனசுக்குள்ள முயற்சி பண்ணிக்கறேன்."

போய்விட்டாள். தெருமுனை வரை அவளுடைய வெறுந்தலை தெரிந்தது. உச்சியில் நரை வந்திருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

அன்று மாலை நான் பேசினேன் பாருங்கள், அப்படி என் ஆயுளில் பேசியதில்லை. மண்டை ஓட்டின் கனம் எவ்வளவு, ஓரக் கல்லின் கனம் எவ்வளவு, நடக்கிற வேகத்தில் விழுந்தாலே என்ன ஆகும் என்று எல்லாம் சொன்னேன். ஒச்சியைப் பற்றிச் சொன்னேன். அவருக்குச் சாப்பாடு கொடுக்கிறவளிடமே சொன்னேன்.

மிசாவோ ஊறுகாய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "நல்லா பேசறீங்க. தெருச் சங்கக் கூட்டத்துல பேசலாம்."

"விளையாடாத. நான் போடறேன் இல்ல? அப்புறம் உனக்கென்ன?"

கத்தி நின்றது. "நீங்க போடறீங்க," என்றாள், மெதுவாக. அப்புறம் மறுபடியும் நறுக்கினாள்.

நான் போடுவதில்லை என்று சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அவள் வெறுந்தலையோடு போவாள். இரண்டுக்கும் நடுவில் நான் மூன்று வாரம் ஓட்டினேன். திங்கள், புதன், வெள்ளி, அவளுக்கு வேலை நாள். அந்த நாட்களில் ஆலையில் என் கண்ணுக்கு நூலே தெரியவில்லை. ஒரு மூலை தைக்காத துண்டு ஒன்று என்னைத் தாண்டிப் போய்விட்டது. முப்பது வருடத்தில் முதல் தடவை.

ஜூன் நடுவில் மழைக்காலம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை. பதினொரு மணி இருக்கும். ஆம்புலன்ஸ் சத்தம் ஆலைப் பக்கமாக வந்து, தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் என் பிரிவில் வேலை செய்கிற ஹிரோகா, தபால் போட்டுவிட்டு நனைந்துபோய் வந்தாள்.

"பாலத்துக்கிட்ட ஒரு அம்மா சைக்கிள்லயிருந்து விழுந்துட்டாங்க, சார். ஒரே கூட்டம்."

"என்ன வயசு?"

"முகம் தெரியல. சாம்பல் கலர் மழைக்கோட்டு."

மிசாவோவின் மழைக்கோட்டு சாம்பல் நிறம். அன்று மழை அதிகமாக இருந்ததால் தாமதமாக வரச் சொல்லியிருக்கிறார்கள், பத்தரைக்கு மேல்தான் கிளம்புவேன் என்று காலையில் சொல்லியிருந்தாள். தொலைபேசியில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நான் குடை எடுக்கவில்லை. கோட்டு எடுக்கவில்லை. சைக்கிளை எடுத்தேன். மழை முகத்தில் அறைந்தது. பாலம் வரைக்கும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அவள் என்னைப் பார்த்து 'படகு' என்று சொன்னால் நான் என்ன பதில் சொல்வது?

பாலத்தின் ஓரத்தில் ஒரு சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பின்னால் குழந்தை உட்காரும் இருக்கை. எங்கள் வீட்டு சைக்கிள் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

"அந்த அம்மாவுக்கு..."

"மணிக்கட்டுல அடி. மத்தபடி நல்லா இருக்காங்க. ஹெல்மெட் போட்டிருந்தாங்க." அவர் என் தலையைப் பார்த்தார். "நீங்க சொந்தக்காரரா?"

"இல்ல," என்றேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். யாரோ ஒரு பெண் விழுந்ததற்கு மனம் இப்படி ஆறுதல் அடைகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் மிசாவோவைக் கண்ணால் பார்க்காமல் ஆலைக்குத் திரும்ப முடியவில்லை. மருத்துவமனைக்கு ஓட்டினேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒச்சி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மிசாவோ, தட்டோடு. முழுசாக. உலர்ந்து.

நான் கதவருகே நின்றேன். தண்ணீர் சொட்டியது. வலது காதுவரை போய்ச் சேர வேண்டிய முடி, வந்த வழியே திரும்பி, இடது தோளில் கடல்பாசி போலத் தொங்கியது. உச்சி திறந்து கிடந்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். முப்பது வருடமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது அது.

ஒச்சி ஸ்பூனைக் கீழே வைத்தார். என்னை உற்றுப் பார்த்தார். அவர் வாய் கோணி, மெல்ல மெல்ல ஒரு சிரிப்பாக மாறியது. கையைத் தூக்கி என்னைக் காட்டினார். உதடு இரண்டு மூன்று தடவை வார்த்தையைத் தேடியது.

"ஷிகெ," என்றார். அப்புறம், "தலை."

மிசாவோ தட்டை மேஜையில் வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க, ஒச்சி-சான்."

"ஷிகெ. தலை." இந்தத் தடவை விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் தூண்டில் போடப் போகிற இடத்தில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"ரெண்டும் சரியாச் சொல்லிட்டார்," என்றாள் மிசாவோ. அவள் கண் நிறைந்திருந்தது. நான் அங்கேயே நின்று அவருக்கு என் தலையைக் குனிந்து காட்டினேன். வேண்டிய மட்டும் பார்க்கட்டும் என்று தோன்றியது.

பிறகு மிசாவோ என்னை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போய், ஒரு துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள்.

"எதுக்கு இந்த மழையில வந்தீங்க?"

"பாலத்துக்கிட்ட யாரோ விழுந்துட்டாங்கன்னு சொன்னாங்க. நீன்னு நினைச்சேன்." துண்டுக்கு அடியிலிருந்தே சொன்னேன். "மிசாவோ, நான் ஹெல்மெட் போடறதில்ல. ஆரம்பத்துலயிருந்தே போடறதில்ல. தெருமுனை வரைக்கும்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு சத்தியம் பண்ணுவீங்க." அவள் காதுக்குப் பின்னால் துடைத்தாள். "நான் தினமும் எப்படி இருந்தேன்னு இன்னிக்குப் பாலத்துக்கிட்ட உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது போதும்."

"நாளைக்கு ஆலையில சனிக்கிழமை வேலை. நாளையிலயிருந்தே போடறேன். நீயும் போடணும்."

"நீங்க போட்டா நான் போடறேன்."

"சத்தியம்."

"நான் சொல்றேன், அப்படியே திருப்பிச் சொல்லுங்க. வாசல்லயிருந்து ஆலை வரைக்கும். ஆலையிலயிருந்து வாசல் வரைக்கும். நடுவுலயும்."

திருப்பிச் சொன்னேன்.

மறுநாள் ஹெல்மெட்டோடு ஆலைக்குள் நுழைந்தேன். கழிவறைக் கண்ணாடியில் பார்த்தேன். முடி ஒரு வழிக்கும் வரவில்லை. காது மேலே சும்மா விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மதியம்வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஹிரோகா, என்கிட்ட இன்னிக்கு ஏதாவது வித்தியாசமா தெரியுதா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். "புதுப் பேனாவா, சார்?"

முப்பது வருடம். நாளுக்குப் பதினோரு நிமிடம்.

அன்று மாலை ஹெல்மெட்டோடு கமெய் கடையில் இறங்கினேன், ஒரு பை ஆரஞ்சோடு. நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று.

"இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல. மிசாவோகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நான் போட்டாத்தான் அவளும் போடுவாளாம். இத்தனை நாள் வெறுந்தலையோட போயிருக்கா, பாவி."

"அப்படியா," என்றான் கமெய். உள்ளே போய் ஒரு பச்சை ஹெல்மெட்டை எடுத்து வந்தான். "அப்போ இதையும் கொண்டு போயிடு. திங்கக்கிழமை அவங்களுக்கு வேணும்."

"இது மிசாவோவோடது மாதிரி இருக்கே?"

"மாதிரி இல்ல. அதேதான். உன் கண்ணுக்குத் தெரியற வரைக்கும்தான் வெறுந்தலையோட ஓட்டினாங்க. முனை திரும்பினதும் இறங்கி, தள்ளிக்கிட்டே வந்து, இங்க மாட்டிட்டுப் போவாங்க. சாயங்காலம் கழட்டி வெச்சுட்டுத் திரும்பத் தள்ளிக்கிட்டே போவாங்க. நான் இதை உள்ள வைக்கறதுக்கும் நீ வந்து நிக்கறதுக்கும் சரியா இருக்கும்."

நான் சைக்கிளில் சாய்ந்துகொண்டேன். ஆறுதலா, கோபமா என்று எனக்கே பிடிபடவில்லை.

"அப்போ நான் இங்க வைக்கற விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? துரோகி, நீதான் சொல்லியிருக்க."

கமெய் ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தான்.

"நான் எங்கடா சொன்னேன்? அந்தச் சனிக்கிழமை உனக்கு ஹெல்மெட் வாங்கிட்டுப் போகும்போதே அவங்கதான் சொல்லிட்டுப் போனாங்க. 'திங்கக்கிழமை காலையில இதை இங்க கொண்டு வந்து வைப்பார், வேண்டாம்னு சொல்லிடாதீங்க. பாலத்துக்கு அடியில ஒளிச்சு வெச்சார்னா புதுசு நனைஞ்சு வீணாப் போயிடும்'னு."